பார்த்தால்தான் டிக்

அவருக்கு ஒரு பேர் இருந்தது. பதிவேட்டின் அடியில் கையெழுத்துக்குக் கீழே ரப்பர் ஸ்டாம்பில் அது தெளிவாகவே இருக்கும். ஆனால் எங்கள் முகாமில் அந்தப் பேரைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. எல்லோருக்கும் அவர் செக்கிங் ஐயா. இங்கேயும் அப்படியே இருக்கட்டும். பேரை எழுதினால் தேடிக்கொண்டு வந்து என்னைத் திட்டுவார். தேடிக்கொண்டு வருவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது.

தருமபுரி மாவட்டத்தில் ஓர் அணைக்கட்டுக்குக் கீழே எங்கள் முகாம். இலங்கையிலிருந்து படகேறி வந்தவர்களுக்காக அரசாங்கம் கட்டிக்கொடுத்த வரிசை வீடுகள். நான் அங்கேதான் பிறந்தேன். பிறந்த ஊர் தருமபுரி, சொந்த ஊர் மன்னார். நாடு எது என்று விண்ணப்பத்தில் கேட்டிருந்தால் பேனாவை மூடி வைத்துவிட்டு யாரையாவது கேட்கப் போவோம். மாதம் ஒரு நாள் வருவாய்த்துறையிலிருந்து ஒருவர் வந்து யார் யார் முகாமில் இருக்கிறோம் என்று பார்த்துப் பதிவேட்டில் டிக் போடுவார். அதற்குத்தான் செக்கிங் என்று பேர். தொடர்ந்து மூன்று மாதம் 'இல்லை' என்று எழுதிவிட்டால் பதிவை வெட்டிவிடுவார்கள். பதிவு போனால் வீடும் ரேஷனும் போகும். அதைவிட, நீ யார், இங்கே ஏன் நிற்கிறாய் என்று கேட்டால் காட்டுவதற்கு எங்களிடம் இருந்த ஒரே பதிலும் போய்விடும்.

அவருக்கு முன்னால் வந்தவர்கள் ஒரு மணி நேரத்தில் வேலையை முடித்துவிட்டுப் போவார்கள். பேரைக் கூப்பிடுவார்கள், ஆள் வந்தால் டிக், வராவிட்டால் 'இல்லை'. செக்கிங் ஐயாவுக்கு அது ஒரு நாள் வேலை. சில மாதங்களில் ஒரு வாரம்கூட ஆகும். காரணம் அவருடைய சட்டைப்பையில் இருந்தது. அதில் ஒரு நீலப் பேனாவும் கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு பென்சிலும் இருக்கும். பேனா டிக் போட. ஆள் வரவில்லை என்றால் பென்சிலால் ஒரு புள்ளி வைப்பார். இன்னும் பார்க்கவில்லை, போய்ப் பார்த்துவிட்டு எழுதுகிறேன் என்று அதற்கு அர்த்தம்.

"இருக்கறான்னு எழுதணும்னாலும் கண்ணால பாக்கணும். இல்லன்னு எழுதணும்னாலும் கண்ணால பாக்கணும்" என்பார்.

"இல்லாதவனை எப்படி ஐயா கண்ணால காணுறது?" என்று வரிசையில் நின்ற ஒருவர் ஒருமுறை கேட்டார்.

ஐயா பதிவேட்டிலிருந்து தலையை நிமிர்த்தினார். "அதாங்க எனக்கும் தெரியல. அதனாலதான் வண்டிய எடுத்துக்கிட்டு அலையறேன்."

அந்த வண்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும். பழைய மொபெட். முகாம் நாய்கள் முதல் இரண்டு மாதம் துரத்தின. பிறகு அதோடு ஓடுவதற்குப் பதில் நடந்தே வந்தன. ஹெல்மெட்டைத் தலையில் போடாமல் ஹேண்டில்பாரில் மாட்டியிருப்பார். தலைக்குத் துண்டு. கேட்டால், "நான் உழுந்தா எழுந்துக்குவேன், வண்டி உழுந்தா எவன் தூக்கறது" என்பார்.

பார்க்க வேண்டும் என்றால் முகத்தைத்தான் பார்க்க வேண்டும். ஒரு செக்கிங் அன்று எதிர்வீட்டுப் பெரியவர் கக்கூசுக்குள் இருந்தார். பேரைக் கூப்பிட்டதும் உள்ளேயிருந்து, "நான் இருக்கிறன் ஐயா, எழுதுங்கோ" என்று சத்தம் கொடுத்தார். நம்பாமல் போய்விடுவாரோ என்று இரண்டு முறை இருமியும் காட்டினார். ஐயா பதிவேட்டோடு போய்க் கதவுக்கு வெளியே நின்றுகொண்டார். "சத்தத்துக்கு டிக்கு கெடையாதுங்க. நிதானமா வாங்க, நான் எங்கயும் போவல." அத்தனை சனமும் பார்த்துக்கொண்டிருக்கும்போது பெரியவர் எப்படி நிதானமாக வருவார்? அரை மணி நேரம் கழித்துக் கதவு திறந்தது. ஐயா முகத்தைப் பார்த்தார், டிக் போட்டார், "வயித்துக்கு மோர் குடிங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த பேரைக் கூப்பிட்டார்.

இன்னொரு மாதம் மூன்றாவது வரிசை அக்காவுக்குப் பிரசவ வலி கண்டு தருமபுரி பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். ஆஸ்பத்திரிச் சீட்டைக் காட்டியும் அவர் ஏற்கவில்லை. "சீட்டு ஆஸ்பத்திரியப் பத்திச் சொல்லுது. ஆளப் பத்தி நான்தான சொல்லணும்." மொபெட்டிலேயே போய்விட்டார். பிரசவ வார்டு வாசலில் ஓர் அரசாங்க ஆள் பதிவேட்டோடு நின்றால் நர்சுகள் விடுவார்களா? சண்டை பிடித்திருக்கிறார்கள். கடைசியில் குழந்தை பிறந்து, அந்த அக்காவை வெளியே தள்ளிக்கொண்டு வந்தபோது, பாதி மயக்கத்தில் கண்ணைத் திறந்தவள் முதலில் கண்டது புருஷனை அல்ல, செக்கிங் ஐயாவை. டிக் போட்டுவிட்டுக் குழந்தையையும் குனிந்து பார்த்தாராம். "உனக்கு இன்னும் பதிவு வரல. அடுத்த மாசம் பாத்துக்கலாம்" என்று அதனிடம் சொன்னாராம்.

என் அண்ணன் விஷயத்தில்தான் அவர் அதிகம் ஓடினார். அண்ணன் பெயின்டர். முகாமில் பாதி ஆண்கள் பெயின்டர்கள்தான். பாலக்கோட்டில் ஒரு மாடிவீட்டுக்குச் சாரம் கட்டி வேலை செய்துகொண்டிருந்தபோது கீழே மொபெட் வந்து நின்றது. அண்ணன் பார்த்தான். செக்கிங்குக்கு வராததற்குப் பிடித்துக்கொண்டு போக வந்திருக்கிறார் என்று நினைத்து, சாரத்தின் பின்பக்கமாக இறங்கி ஓடினான். ஐயா விடவில்லை, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு பின்னாலேயே ஓடினார். பக்கத்துத் தக்காளித் தோட்டத்தில் இருவரும் ஓட, தோட்டக்காரர் இருவரையும் ஏசிக்கொண்டு அவர்களுக்குப் பின்னால் ஓடியிருக்கிறார். ஒரு கட்டத்தில் ஐயாவால் முடியவில்லை. வரப்பில் உட்கார்ந்துவிட்டார்.

"டேய், ஓடறது நீதான? திரும்பி மூஞ்சிய மட்டும் காட்டிட்டு அப்பறம் ஓடு. நான் போவணும், வெயிலா இருக்குது."

அண்ணன் திரும்பினான். அவர் வரப்பிலேயே பதிவேட்டைப் பிரித்து டிக் போட்டார். பிறகு தோட்டக்காரரிடம் மன்னிப்புக் கேட்டு, அண்ணனை உட்காரவைத்து, நசுங்கிய தக்காளிகளைப் பொறுக்கச் சொன்னார். தானும் கூடப் பொறுக்கிக்கொண்டே அவனைத் திட்டினார். "என்னப் பாத்து ஏண்டா ஓடற? ஓடி எங்கடா போவ? எந்த ஊர்ல உன்ன வா, உக்காருன்னு சொல்றாங்க?" அண்ணன் இதை எங்களுக்கு நடித்தே காட்டுவான். நாங்கள் வயிறு வலிக்கச் சிரிப்போம். அந்தக் கடைசிக் கேள்வி அவனுக்குள் எங்கே போய் உட்கார்ந்தது என்று அப்போது யாருக்கும் தெரியாது.

அவரை எங்களுக்காகவே பிறந்த நல்ல மனிதர் என்று நினைத்துவிட வேண்டாம். எங்கள் மேல் அவருக்குத் தனிப்பாசம் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. பார்க்காமல் பேசுகிறவர்கள் மேல்தான் அவருக்குக் கோபம். டீக்கடையில் ஒருநாள் உள்ளூர்க்காரர் ஒருவர், "அங்க எல்லார் வூட்லயும் ஏசி ஓடுதாமே. நம்ம ஜனத்துக்கே வழியக் காணோம், வந்தவங்களுக்கு வூடு, அரிசி, எல்லாம்" என்றிருக்கிறார்.

"நீ பாத்தியா?"

"சொல்றாங்க."

"சொல்றது கெடக்கட்டும். பாத்தியா?"

பாதி டீயிலேயே அவரை மொபெட்டில் ஏற்றிக்கொண்டு நேராக எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். பத்துக்குப் பத்து அறை. அதில் அம்மா, அண்ணன், நான், சித்தி, சித்தியின் இரண்டு பிள்ளைகள். அந்த மனிதருக்குக் காலை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அம்மா கொடுத்த பால் விடாத பிளேன் டீயை நின்றபடியே குடித்தார். வெளியே போகும்போது, "இருந்தாலும் எங்க பெரியப்பா மவன் மூணு வருசமா வூட்டுமனைப் பட்டாவுக்கு அலையறானுங்க. அவனும் ஓலைக் குடிசைலதான் கெடக்கறான்" என்றார். எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது.

ஐயாவுக்கு வரவில்லை. "அதும் நெசமாத்தான் இருக்கும். வா, அதையும் போய்ப் பாத்துடலாம்" என்று மொபெட்டைக் கிளப்பினார்.

அன்றைக்கே அந்தக் குடிசையையும் போய்ப் பார்த்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன். அடுத்த செக்கிங்கில் நான் அவரிடம் நேராகவே கேட்டேன். எனக்கு அப்போது பதினைந்து வயது, வாய் கொஞ்சம் நீளம். "ஐயா, நாங்க இங்க இருக்கலாமா, கூடாதா? உங்க மனசுல இருக்கறத சொல்லுங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அந்தக் குடிசையப் பாத்தா நீங்க வராமயே இருந்திருக்கலாம்னு தோணுது கண்ணு. உங்க வூட்டப் பாத்தா போங்கன்னு சொல்ல வாய் வரல. இருக்கலாம்னு சொல்ல எனக்கு அதிகாரமும் இல்ல. இருக்கறீங்கன்னு எழுதத்தான் எனக்குச் சம்பளம். அத ஒழுங்கா செஞ்சுட்டுப் போறேன்."

அதே வருடம்தான் அண்ணன் படகேறினான். எங்கோ ஒரு கடற்கரையிலிருந்து, யாரோ ஒரு ஏஜென்ட் மூலம், நாங்கள் வரைபடத்தில்கூடப் பார்க்காத ஒரு நாட்டுக்கு. அம்மாவிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போனான். அம்மா அவனைத் தடுக்கவில்லை. அவளுக்கு ஒரே ஒரு கவலைதான். "நடுக்கடலில பிடிச்சுத் திருப்பி அனுப்பினால் பிள்ளைக்கு வந்து நிக்க ஓரிடம் வேணும். அதுவரைக்கும் அவன்ர பதிவு வெட்டுப்படக் கூடாது." யாரிடமும் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கினாள்.

முதல் மாதம் ஐயா அண்ணன் பேரைக் கூப்பிட்டார். "தொப்பூரில ஒரு கல்யாண மண்டபத்துக்குப் பெயின்ற் அடிக்கிறான் ஐயா" என்றாள் அம்மா. பென்சில் புள்ளி. மூன்றாம் நாள் திரும்பி வந்து, "மண்டபத்துல மொட்டைமாடி வரைக்கும் ஏறிப் பாத்துட்டேன், ஆளக் காணோமேம்மா" என்றார். "ஐயோ, நேற்றே வேலை முடிஞ்சுதாம்." அம்மா முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. அவர் போன பிறகு நானும் சித்தியும் அவர் மொட்டைமாடி ஏறியதை நினைத்துச் சிரித்தோம். அம்மாவும் சிரித்தாள்.

இரண்டாம் மாதம் அரூர். புதிதாகக் கட்டும் அரிசி ஆலை. அரூரில் நான்கு ஆலை வாசலில் விசாரித்துவிட்டு வந்தார். புள்ளி அப்படியே இருந்தது. மேலதிகாரிகள் கேட்டால், "விசாரணைல இருக்குதுங்க" என்று சொல்லிவிடுவாராம்.

மூன்றாம் மாதம் அம்மா வத்தல்மலை என்றாள். மலைமேல் ஒரு பள்ளிக்கூடத்துக்கு வெள்ளையடிக்கிறானாம். அந்த மொபெட் வத்தல்மலை ஏறாது என்பது அம்மாவின் தைரியம். அது உண்மைதான், மொபெட் ஏறவில்லை. மூன்றாவது கொண்டை ஊசி வளைவில் நின்றுவிட்டது. ஐயா அதை ஒரு மரத்தில் சங்கிலி போட்டுக் கட்டிவிட்டு நடந்தே ஏறியிருக்கிறார்.

மறுநாள் பிற்பகல் எங்கள் வாசலுக்கு வந்தார். அம்மா தண்ணீருக்குப் போயிருந்தாள். கவிழ்த்துப்போட்ட பெயின்ட் வாளிமேல் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினார். குதிகால் இரண்டிலும் தோல் உரிந்திருந்தது. இரண்டு சொம்பு தண்ணீர் குடித்தார். மூச்சு அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது.

"மலமேல இருக்கற எல்லா ஊரும் போய்ட்டேன் கண்ணு. அங்க எந்தச் செவுத்துலயும் புதுசா வெள்ளையே அடிக்கல. ஒருவேள இனிமேத்தான் அடிப்பாங்களோ என்னமோ. உங்கண்ணன் சுண்ணாம்பு வாங்கக் கீழ எறங்கியிருப்பான்."

அவரே எங்களுக்காக ஒரு காரணம் கண்டுபிடித்துச் சொன்னதுதான் என்னால் தாங்க முடியாமல் போனது. அந்தக் காலைப் பார்த்தேன். அழுகை வந்துவிட்டது. அண்ணன் படகில் போய்விட்டான், அம்மா சொன்னது எல்லாமே பொய், இனி எங்கேயும் போய்த் தேடாதீர்கள் என்று மூச்சுவிடாமல் சொல்லிவிட்டேன். சொன்னதும் மனசு லேசாக இருந்தது. பெரிய நல்ல காரியம் செய்துவிட்டதாகவே நினைத்தேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. செருப்பை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏன் கண்ணு சொன்ன?" என்றார். "நாளைக்குக் கம்பைநல்லூர் போயிருப்பேன். அதுக்கப்பறம் பென்னாகரம். நம்ம ஜில்லாவுல எத்தன ஊரு கெடக்குது. நான் ரிட்டயர் ஆவற வரைக்கும் தேடியிருப்பனே."

அவர் தேடிக்கொண்டிருக்கும்வரை 'இல்லை' என்று எழுத வேண்டியிருக்காது என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. சொன்னதைத் திரும்ப வாங்க முடியுமா? "நான் சும்மா சொன்னேன் ஐயா" என்றேன். அவர் எழுந்து நொண்டிக்கொண்டே மொபெட்டுக்குப் போனார்.

அடுத்த செக்கிங்கில் அண்ணன் பேர் வந்தபோது அவர் கூப்பிடவில்லை. மூன்று புள்ளிகளின் மேலும் பேனாவால் 'இல்லை' என்று எழுதினார். அம்மா வரிசையை விட்டு முன்னால் போனாள்.

"ஐயா, கண்ணால காணாமல் எழுதமாட்டன் எண்டு சொன்னீங்களே."

"பாத்தேங்க."

"என்னத்தைக் கண்டீங்கள்?"

"மேல இருந்து ஒரு லிஸ்ட்டு வந்துச்சுங்க. படகுல போனவங்க லிஸ்ட்டு. அதுல உங்க பையன் பேரு இருந்துச்சு. நான் கண்ணால பாத்தேன்."

லிஸ்ட் எதுவும் வரவில்லை. எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். நான் அம்மாவுக்குப் பின்னால்தான் நின்றேன். அவர் என் பக்கம் தலையைத் திருப்பவே இல்லை. அம்மா மண்ணை அள்ளித் தூற்றி அவரைச் சபித்தாள். அவர் தலையைக் குனிந்து அடுத்த பேரைக் கூப்பிட்டார். அந்த வருடமே அவருக்கு மாறுதல் வந்துவிட்டது.

அண்ணன் பிழைத்துக்கொண்டான். எங்கெங்கோ அடைத்து வைத்திருந்து, கடைசியில் அந்த நாட்டில் இருக்கவிட்டார்கள். அங்கேயும் பெயின்ட்தான் அடிக்கிறான். அவன் கையில் இருப்பது வருடாவருடம் புதுப்பிக்கிற ஒரு காகிதம். அதை வைத்துக்கொண்டு இங்கே வந்துபோக முடியாது. இங்கே பதிவு இருந்திருந்தால் வந்து முகத்தைக் காட்டியிருப்பான் என்று அம்மா நம்புகிறாள். அது சரியா என்று எனக்குத் தெரியாது. ஒவ்வொரு முறை அவன் போனை வைத்ததும் அவள் செக்கிங் ஐயாவை ஒரு பாட்டம் ஏசுவாள். பன்னிரண்டு வருடமாகப் பக்கத்தில் உட்கார்ந்து நான் அதைக் கேட்டேன். இப்போது தருமபுரியில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை செய்கிறேன். எனக்கென்று சம்பளம் இருக்கிறது, வாயும் இருக்கிறது. ஆனால் இதைச் சொல்ல மட்டும் தைரியம் வரவில்லை.

போன மாதம் ஒரு காலை சர்க்கரைப் பரிசோதனைக்கு ஒருவர் வந்தார். ஆள் பாதியாக இளைத்திருந்தார். பொதுவாக ஊசி ஏறும்போது எல்லோரும் முகத்தை அந்தப்பக்கம் திருப்பிக்கொள்வார்கள். இவர் ஊசி ஏறுவதையும் ரத்தம் நிறைவதையும் கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். அதை வைத்துத்தான் அடையாளம் கண்டேன். அவர் என்னை அதற்கு முன்பே கண்டுகொண்டிருந்தார்.

வெளியே பெஞ்சில் அம்மா இருந்தாள். கண் டாக்டரிடம் போக என்னோடு வந்திருந்தாள். ஐயா பஞ்சை அழுத்திக்கொண்டு வெளியே வந்தவர் நேராக அவளிடமே போனார். வேறு யாராக இருந்தாலும் அவளைப் பார்த்ததும் பின்வழியாகப் போயிருப்பார்கள்.

"பையன் எப்படிம்மா இருக்கறான்?"

"இருக்கிறான். நீங்கள் பதிவை வெட்டிவிட்டும் உயிரோடதான் இருக்கிறான்."

"ஆமாங்க. நான்தான் வெட்டுனேன்" என்றார் அவர்.

இனியும் வாயை மூடிக்கொண்டு நின்றால் நான் மனுஷியே இல்லை என்று தோன்றியது. "அம்மா, லிஸ்ட் ஒண்டும் வரேல்ல. அண்ணா படகில போனதை ஐயாட்ட நான்தான் சொன்னனான்" என்றேன்.

"அப்படியெல்லாம் இல்லீங்க" என்று அவர் அவசரமாகக் குறுக்கிட்டார். "அது அப்ப சின்னப் புள்ள, அதுக்கு என்ன தெரியும். லிஸ்ட்டு வந்துச்சு. நான் பாத்தேன்."

அம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு அவரிடம், "அந்த லிஸ்ட்டில வேற யாரின்ர பேர் இருந்தது ஐயா?" என்று கேட்டாள்.

அவர் வாயைத் திறந்தார். ஏதாவது ஒரு பேர், ஒரு ராஜா, ஒரு குமார் என்று சொல்லியிருக்கலாம். இல்லாத ஒரு ஆளின் பேர் அவர் வாயில் வரவில்லை. வாயை மூடிக்கொண்டு பஞ்சை எடுத்துப் பார்த்தார். ரத்தம் எப்போதோ நின்றிருந்தது.

"வெறும் வயிறோ?" என்று அம்மா என்னிடம் கேட்டாள். நான் ஆமாம் என்று தலையாட்டினேன். எனக்காகக் கட்டி வந்திருந்த இடியப்பத்தையும் தேங்காய்ச் சம்பலையும் திறந்து அவர் மடியில் வைத்தாள். "சாப்பிடுங்கோ" என்றாள். அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரிலேயே நின்றாள். அதன் பிறகு என்னோடு மட்டும் பேசவில்லை.

சாயங்காலம் அண்ணன் போன் செய்தான். எப்போதும் அம்மாதான் முதலில் பேசுவாள். அன்றைக்கு அவன் குரல் கேட்டதும் போனை என் கையில் கொடுத்து, "நீயே சொல்லு" என்றாள்.